அப்பா சொன்னதும் அவள் சொன்னதும்

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் பெண்வீட்டாரிடமிருந்து தகவல் வந்தது. தட்டு, துணிமணி, நகை எதுவும் கொண்டுவர வேண்டாம். இரண்டு பக்கமும் பேசுவதைப் பாஷை மாற்றிச் சொல்ல ஒரு ஆள் மட்டும் வேண்டும் என்று. அந்த ஆள் யார் என்று வீட்டில் யாரும் யோசிக்கக்கூட இல்லை. மாப்பிள்ளையின் அக்கா, பெரியவள், பதினொரு வருஷமாக ஆஸ்பத்திரியில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் சொல்வாள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒருமுறை ஒரு மகன், தன் அம்மாவுக்கு வந்திருப்பது புற்றுநோய் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடச் சொல்லி நடைபாதையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். உள்ளே போய் அந்த வார்த்தையைச் சொன்னாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை என்றாலும், தான் செய்தது சரிதான் என்பதில் அவளுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

அப்பா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இஸ்திரி போடுகிறவர். பிழைக்க வந்த ஊரின் பாஷையில் அவருக்குத் தெரிந்தது எண்களும், சட்டை, விரிப்பு, சூடு, போதும் என்ற நாலைந்து வார்த்தைகளும்தான். அம்மா வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள். வருகிறவர்களோடு பேசிப் பேசிப் பாதி புரிந்துகொள்வாள். பெரியவளுக்கு ஏழு வயது இளையவன் சின்னவன், லிஃப்ட் மெக்கானிக். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்ததே லிஃப்டால்தான். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்த கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுபோய், உள்ளே அவள் மாட்டிக்கொண்டாள். இவன் வெளியே நின்று சரிசெய்துகொண்டே பேச்சுக் கொடுத்தான். நாற்பது நிமிஷம். கதவு திறந்தபோதுதான் இருவரும் முகம் பார்த்தார்கள். அப்பா அவளுக்குக் கண்ணாடிப் பொண்ணு என்று பேர் வைத்துவிட்டார். அவளும் சின்னவனிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டார் அந்த ஊர்க்காரர்கள். தாங்கள் வேறு இனம், வேறு முறை என்பதை இரண்டு வீட்டிலும் முதலில் முணுமுணுத்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார்கள்.

மறைக்கவேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. சின்னவனுக்குப் பதினெட்டு வயதிலிருந்து வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை. கடைசியாக வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கம்பெனிக்கு இது தெரியாது. தெரிந்தால் லிஃப்ட் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள். கண்ணாடிப் பெண்ணுக்கும் தெரியாது. நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மா எல்லோரையும் உட்காரவைத்து, அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சின்னவன் கல்யாணம் முடிந்ததும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். பெரியவள் தலையாட்டினாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்லாதவர் என்பதால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெண்வீட்டார் குடியிருந்த கட்டடத்தின் மாடியில் ஒரு பொது அறை. நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நடுவில் சாயம் போடாத நீளமான துணி ஒன்று. ஒரு ஓரத்தை இவர்கள் வீட்டார் வரிசையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், மறு ஓரத்தை அவர்கள். பேச்சு முடியும்வரை யாரும் கையை எடுக்கக் கூடாது. பெண்ணின் தாய்மாமன்தான் எல்லாவற்றையும் நடத்தினார். சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்; நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு நிரந்தரமாகத் தங்கிப்போன கை.

அவர் முறையை விளக்கினார், பெரியவள் தமிழில் சொன்னாள். அவரவர் பிள்ளையின் குறையை அவரவர் வீட்டாரே சொல்ல வேண்டும். பெருமை பேசக் கூடாது. இந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு சொன்னதை, தங்கள் வீட்டில் செத்துப்போனவர்களும் கேட்டதாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

"இது நிச்சயமா விசாரணையா?" என்று சித்தப்பா பின்னாலிருந்து கிசுகிசுத்தார். இவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது.

முதலில் எல்லாம் லேசாகத்தான் போனது. கோபம் வந்தால் உங்கள் பையன் என்ன செய்வான் என்று மாமா கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவான் என்றார் அப்பா. கண்ணாடிப் பெண் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு யாரோடும் பேசமாட்டாள், பேசினால் கடிப்பாள் என்றார்கள் அவர்கள் பக்கம். அதற்கும் சிரித்தார்கள். பிறகு பெண்ணின் அம்மா பேச ஆரம்பித்தாள். துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தன் மகளுக்கு ஆறு வருஷம் முன்னால் வேறொருவனோடு கல்யாணம் நிச்சயமாகி, நாலு நாள் இருக்கும்போது அவளே வேண்டாம் என்றுவிட்டாள், அந்தக் குடும்பம் இன்றும் தங்களோடு பேசுவதில்லை, ஏன் வேண்டாம் என்றாள் என்று தாய்க்கே அவள் சரியாகச் சொன்னதில்லை, நாளைக்கு இதை யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றாள். கண்ணாடிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் ஒரு வார்த்தை விடாமல் அதைத் தமிழில் சொன்னாள்.

அப்பா அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தபடியாக மாமா, இவனை நாங்கள் பார்த்துக்கொள்வதற்கு எங்களுக்குத் தெரியவேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பெரியவள் அதைச் சொல்லி முடித்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

"இருக்கு. அவனுக்கு வலிப்பு உண்டு. பதினெட்டு வயசுல ஆரம்பிச்சது. மாத்திரை போடறான். மூணு வருஷமா வரலை, ஆனா இனி வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. வந்தா பயப்படக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வலிப்பு நிக்கற வரைக்கும் பக்கத்துல இருக்கணும். அந்தம்மா அவ்வளவு சொன்னதுக்கப்புறம் நான் இதை மறைச்சா நல்லா இருக்காது."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சின்னவன் பெரியவளைப் பார்த்தான். அவன் உதடு லேசாக அசைந்தது. எதிர்வரிசை முழுக்க அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

அவர்கள் பாஷையில் அவள் சொன்னாள்: "அவன் வேலை வேலை என்று உடம்பைக் கவனிக்கமாட்டான். நேரத்துக்குச் சாப்பிடமாட்டான். களைத்துப் போனாலும் சொல்லமாட்டான். நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்."

குரல் நடுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேசும் அதே குரல்தான். துணிக்கு அடியில் அம்மாவின் இன்னொரு கை வந்து அவள் முழங்காலை இறுக்கியது.

மாமா சிரித்தார். "இவ்வளவுதானே. இனிமேல் அவன் எங்க பிள்ளை, நாங்க பார்த்துக்கறோம்" என்றார். இதைப் பெரியவள் அப்படியே தமிழில் சொன்னாள். அப்பா துணியை விட்டுவிட்டு எழுந்துபோய், மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா சற்றுத் திகைத்தாலும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அப்பா வேறு மனிதராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாமாவின் சைக்கிள் கடைக்குப் போனார். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை கிடையாது. மாமா சக்கரத்தைக் கழற்றுவார், அப்பா திருகாணிகளைத் துடைத்து டப்பாவில் போடுவார், டீ குடிப்பார்கள். வீட்டுக்கு வந்து, இப்படி ஒரு மனசு நம்ம சொந்தத்தில் யாருக்கு உண்டு என்று கேட்பார். "வலிப்புன்னு சொல்லியும் ஒரு நொடி யோசிக்கலையே அந்த மனுஷன்" என்பார். சாப்பிடும்போது சொல்வார், பஸ்ஸில் சொல்வார். ஒவ்வொரு தடவையும் பெரியவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை ஓடவில்லை. டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னால் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஒரு நாள் சின்னவனைத் தனியாகப் பிடித்து, நீயே அவளிடம் சொல்லிவிடு என்றாள். கல்யாணம் ஆகட்டும் என்றான். அம்மாவிடம் பேசிப் பார்த்தாள். அம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "அன்னிக்கு நீதான் குடும்பத்தைக் காப்பாத்தின. இப்ப நீயே போய்க் கவுக்காத."

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கண்ணாடிப் பெண் அவளைக் கடைக்கு வரச் சொன்னாள். நாத்தனாருக்குக் கண் பரிசோதனை செய்து, நல்ல கண்ணாடியாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்றாள். கடையின் பின்பக்கம் இருட்டறை. உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். எழுத்துகள் தெளிந்தன, கலங்கின, மறுபடி தெளிந்தன.

"வலிப்புன்னா என்ன?"

அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழில் கேட்டாள். மீதியைத் தன் பாஷையில் சொன்னாள். "அன்னிக்கு உங்க அப்பா அதைச் சொன்னார். ரொம்ப நேரம் பேசினார். நீங்க சொன்னது வேற மாதிரி இருந்துச்சு. அவன்கிட்ட கேட்டேன், வலிதான், முதுகு வலின்னான். முதுகு வலிக்கு உங்க அப்பா அப்படி அழுவாரா?"

பெரியவளுக்குச் சட்டத்தைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அதை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை அப்பா சொன்ன வரிசையிலேயே சொன்னாள்: பதினெட்டு வயது, மாத்திரை, மூன்று வருஷம், ஒருக்களித்துப் படுக்கவைப்பது. தான் அதற்குப் பதிலாக என்ன சொன்னாள் என்பதையும் சொன்னாள்.

கண்ணாடிப் பெண் விளக்கைப் போட்டாள். கையிலிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியின் பள்ளங்களில் திருப்பி வைத்தாள்.

"எங்க அம்மா என்னைப் பத்தி அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்க. அது அவங்களுக்குச் சுலபமா இருந்துச்சுன்னு நினைச்சீங்களா?"

பெரியவள் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வியாதி எனக்குப் பெருசில்ல. இல்ல, பெருசுதானோ என்னவோ, இன்னும் தெரியல. எனக்கு யோசிக்கணும். ஆனா துணியைப் புடிச்சிக்கிட்டு நீங்க சொன்னதை எங்க மாமா நம்பினார். அவர்கிட்ட நீங்களேதான் போய்ச் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

மறுநாள் மதியம் அவள் லீவு போட்டுவிட்டு சைக்கிள் கடைக்குப் போனாள். மாமா ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். நடுவில் அவர் ஒரு தடவை மட்டும் கையை நிறுத்தினார், பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு அதன் கோட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். அவர் திட்டவில்லை.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றாள்.

"அவர் அந்த ஸ்டூல்லதான் உக்காருவார். வாராவாரம் என் கையைப் புடிச்சு என்னமோ சொல்லுவார். நன்றின்னு மட்டும் புரியும். எதுக்கு நன்றின்னு எனக்குத் தெரியாது, நானும் தலையாட்டுவேன்." எண்ணெய் துடைக்கும் கந்தலை எடுத்துக் கையைத் துடைத்தார். "முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் மறுபடி உக்காருவோம். ஆனா நீங்க துணியைத் தொடக் கூடாது. வேற ஆளை வெச்சு மாத்திச் சொல்லச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். பெரியவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். அம்மா வெளியே வந்து, வாயை மூடு என்பதுபோல் கையைக் காட்டினாள். அதற்குள் பாதி சொல்லியாகிவிட்டது. அப்பா பிசைந்த சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் அவர் கையைப் புடிச்சு அழுதப்போ, எதுக்கு அழறேன்னு நினைச்சிருப்பார்?"

"தெரியலப்பா."

"நான் பேசுவேன்னு நீங்க யாரும் நினைக்கல, இல்ல?"

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அப்பா பெரியவளைப் பார்த்து, "இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல என் வாய் நீதாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நாலைந்து நாள், தண்ணீர் வேண்டும் என்றால்கூட அம்மாவிடம்தான் கேட்டார்.

மாற்றிச் சொல்ல ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை செய்யும் ஒரு ஆளைப் பெரியவளே கேட்டு அழைத்துக்கொண்டு போனாள். விஷயத்தைச் சொன்னபோது அவர் எதிர்க்கேள்வி எதுவும் கேட்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அதே அறை, அதே துணி. அவள் சுவரோரம் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தாள். மாமா அதே கேள்வியைக் கேட்டார். அப்பா அன்று சொன்னதை மறுபடி சொன்னார். கடைசியில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார்: "என் பொண்ணு பண்ணினதும் எங்க வீட்டுக் குறைதான். அதையும் சேத்துக்கோங்க." கூட வேலை செய்பவர் எல்லாவற்றையும் சொன்னார். பெரியவள் வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். எதுவும் விட்டுப்போகவில்லை.

பெண்வீட்டார் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. உள்ளே பெண்ணின் அம்மா அழுவது கேட்டது. சித்தப்பாகூட ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்தபோது மாமாதான் சொன்னார். கல்யாணம் நடக்கும், ஆனால் மூன்று மாதம் தள்ளி. அதற்குள் பையன் கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவன் குழிக்குள் இறங்கும் ஒவ்வொரு நாளும் தங்கள் பெண் பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. இது பெண்ணின் அம்மா கேட்டது. கண்ணாடிப் பெண் சின்னவனைப் பார்த்து, "நீ முதுகு வலின்னு சொன்னதை நான் இன்னும் மறக்கல" என்றாள். சொன்னது தமிழில் என்பதால் அது யாரும் மாற்றிச் சொல்லாமலே இவர்கள் பக்கம் எல்லோருக்கும் புரிந்தது.

சின்னவன் கம்பெனியில் சொன்னான். வேலையைவிட்டு எடுக்கவில்லை, ஸ்டோர் ரூமில் போட்டார்கள். கம்பி, உருளை, பட்டன் பலகை என்று மற்ற மெக்கானிக்குகள் கேட்பதை எடுத்துக்கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை. எட்டு வருஷம் கற்ற தொழில். அவன் கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். பெரியவள் ஒரு நாள் பேச்சுக் கொடுத்தபோது, "எனக்காக ரெண்டு தடவை நீ முடிவு பண்ணிட்ட. ஒரு தடவை மறைச்சே, ஒரு தடவை சொன்னே. ரெண்டு தடவையும் என்னைக் கேக்கல" என்றான். முதல் தடவை அவன் பார்த்த பார்வையை நினைவுபடுத்தலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள்.

கல்யாணம் அதே மாடி அறையில் நடந்தது. அவர்கள் முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்து, இனி உன்னை என்னவென்று கூப்பிடுவேன் என்று சொல்ல வேண்டும். அவளும் பதிலுக்கு உறவு சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பா மகளே என்றார், அவள் அப்பா என்றாள். அம்மா தயங்கித் தயங்கி மருமகளே என்று சொல்லிவிட்டு, உடனே கண்ணு என்று மாற்றினாள். அவள் அத்தை என்றாள். பெரியவள் முறை வந்தது. தங்கச்சி என்று சொன்னாள். கண்ணாடிப் பெண் அவள் கையை விடவில்லை. ஆனால் பதிலும் வரவில்லை. பின்னால் வரிசை காத்திருந்தது. "நான் அப்புறம் சொல்றேன்" என்றாள் கடைசியில், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பதில் வராததைக் கவனித்திருந்த மாமா, அப்படித் தள்ளிவைக்கத் தங்கள் முறையில் இடம் உண்டு என்று பிற்பாடு அப்பாவுக்குச் சைகையில் விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் போய் அதை மாற்றிச் சொல்லவில்லை.

நாலு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, பெரியவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கண்ணாடிப் பெண்.

"வந்துச்சு" என்றாள். மூச்சு வாங்கியது. "பல் தேய்ச்சிக்கிட்டிருந்தான். சத்தம் கேட்டு ஓடினேன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். மூணு நிமிஷம். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். தாடையில சின்ன வெட்டு, அவ்வளவுதான். இப்ப தூங்கறான்."

உடனே வரட்டுமா என்று பெரியவள் கேட்டாள்.

"வேணாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் தூங்கினான். எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு." அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; நிறுத்த மறந்திருக்கிறாள். "டாக்டரைப் பாக்கணும்ல. எந்த டாக்டர்னு மட்டும் சொல்லுங்க."

பெரியவள் டாக்டரின் பேரையும், அவர் உட்காரும் நாட்களையும், எந்த மாடி என்பதையும் சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, இந்தத் தடவையும் உறவு எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், போனை வைத்தாள்.

உள்ளே அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்போடே திரும்பிப்போய், நடந்ததை நடந்தபடி, கேட்ட வார்த்தைகளிலேயே சொன்னாள். சின்னவன் சொல்லக் கூடாது என்றதையும் விடவில்லை. அப்பா டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பயந்துட்டாளா?"

"பயந்துதான் போயிருக்காப்பா. மூச்சு வாங்குச்சு."

அப்பா தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, அவரும் வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் படியிறங்கி, பஸ் நிறுத்தம்வரை ஒன்றாக நடந்தார்கள். அவருடைய பஸ்தான் முதலில் வந்தது.